கியோட்டோவின் நான்கு பட்டறைகள்

ஜப்பானின் கியோட்டோ நகரில், ஹனஃபுடா என்னும் பூச்சீட்டுகளைச் செய்து விற்பதற்காக 1889-இல் தொடங்கிய கடை நின்டெண்டோ. அந்தச் சீட்டுக் கம்பெனிக்குள் பிறந்த கேம் தயாரிப்புப் பிரிவுகளுக்கு, ஒரு மரபு என்று சொல்லத்தக்க வயதும் வளமும் இன்று சேர்ந்துவிட்டன. வெளியிலிருக்கும் ஸ்டுடியோக்களை விலைக்கு வாங்கியே பெருத்த கம்பெனிகள் உண்டு. இங்கே கருவி செய்பவரும் விளையாட்டு செய்பவரும் ஒரே கம்பெனியின் சம்பளக்காரர்கள். மூத்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து இளையவர் கற்றுக்கொண்டார். இசையில் பாணி, பரம்பரை என்று பேசுகிறோமே, அப்படிப் பேச வீடியோ கேம் உலகில் எங்கே இடமிருக்கிறது என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்தக் கியோட்டோ பட்டறைகளைத்தான்.

தாய்ப் பாணி முதல் ஆய்வுப் பிரிவினுடையது. அதன் தலைவர் குன்பெய் யோகோய். மின்னணுவியல் படித்துவிட்டு 1965-இல் சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். வேலை ஓய்ந்த நேரத்தில், தூரத்திலிருக்கும் பொருளை எட்டிப் பிடிக்க நீண்டு சுருங்கும் கைக்கிடுக்கி ஒன்றைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். முதலாளி ஹிரோஷி யமாவுச்சியின் கண்ணில் அது பட்டது. கண்டிக்கவில்லை, இதையே விற்பனைச் சரக்காகச் செய் என்றார். 1966-இல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் வந்த அந்தப் பொம்மை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

யோகோயின் கொள்கை ஒன்றே ஒன்று. புத்தம்புதுத் தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. புழங்கிப் பழகி விலை மலிந்ததை எடுத்து யாரும் நினையாத காரியத்துக்குத் திருப்பு. புல்லட் ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டார். கால்குலேட்டருக்கென்று மலிவாகிவிட்ட திரையையும் சிப்பையும் வைத்து, 1980-இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ பிறந்தது. 1982-இல் அதே வரிசையில் வந்த ‘டாங்கி காங்’ கருவி தட்டையாக மடிந்து சட்டைப்பைக்குள் போக வேண்டும். நீட்டிக்கொண்டு நிற்கும் குச்சிக்கு அதில் இடமில்லை. அதனால் இடது கட்டைவிரலுக்குக் கூட்டல் குறி வடிவில் ஒரு பட்டனை வைத்தார். இன்று உலகில் எந்தக் கன்ட்ரோலரை எடுத்தாலும் அந்தப் பட்டனோ அதன் வாரிசோ இருக்கும். 1989-இல் வந்த ‘கேம் பாய்’க்கு வண்ணத் திரை கிடையாது. போட்டிக்கு வந்த சேகாவின் ‘கேம் கியர்’ வண்ணத்தில் மின்னியது. ஆனால் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கியது. கேம் பாய் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது, கீழே போட்டாலும் பிழைத்தது. பின்னால் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றது.

1995-இல் வந்த ‘வெர்ச்சுவல் பாய்’ தோற்றது. மறு ஆண்டு யோகோய் கம்பெனியை விட்டு விலகினார், 1997-இல் சாலை விபத்தில் இறந்தார். மாரியோவைப் படைத்த மியாமோட்டோவைக் கொண்டாடுகிறவர்கள் இவரை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு உடன்பாடில்லை. சிக்கனத்தில் அழகு காணும் புத்தியை அந்த வீட்டுக்குக் கொடுத்தவர் இவர்தான். இதே பிரிவில் 1986-இல் வந்த ‘மெட்ராய்ட்’ இருட்டும் தனிமையும் நிறைந்த விளையாட்டு. 2003-இல் வந்த ‘வாரியோவேர்’, ஐந்து விநாடிக்குள் முடியும் குட்டிக் குட்டி ஆட்டங்களின் தொகுப்பு. இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பார்த்தால் அந்தப் பட்டறையின் வீச்சு விளங்கும்.

இரண்டாம் பிரிவு மசாயுகி உஎமுராவுடையது. 1983 ஜூலையில் 14,800 யென்னுக்கு வந்த ‘ஃபேமிகாம்’ அவர் கைவேலை. முதல் தொகுதியில் ரப்பரால் செய்த சதுர பட்டன்கள் அழுத்தினால் ஒட்டிக்கொண்டன, பிறகு அவை வட்ட பிளாஸ்டிக் பட்டன்களாக மாறின. ஜென்யோ டகேடாவின் மூன்றாம் பிரிவிலிருந்து ‘பஞ்ச்-அவுட்’ வந்தது. கார்ட்ரிட்ஜுக்குள் சிறு பேட்டரியை வைத்து, விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடரும் வசதியும் வந்தது. அந்த வசதி இல்லாமல் நீண்ட கதை விளையாட்டுகள் வீட்டுக்குள் வேரூன்றியிருக்காது.

நான்காம் பிரிவைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுவில் உருவாகி, பின்னாளில் ஈ.ஏ.டி. என்று பெயர் பெற்றது. அதன் முதன்மைப் படைப்பாளி ஷிகெரு மியாமோட்டோ, தொழில்வடிவமைப்பு படித்து 1977-இல் சேர்ந்தவர். 1981-இல் அமெரிக்காவில் விலைபோகாமல் தேங்கிக் கிடந்த ‘ரேடார் ஸ்கோப்’ இயந்திரங்களை மாற்றி விற்க ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. யோகோயின் மேற்பார்வையில் அவர் செய்துகொடுத்ததுதான் ‘டாங்கி காங்’. அதன் நாயகனுக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணத்தக்க புள்ளிகளே. வாய் வரைய இடமில்லை, மீசை வந்தது. ஓடும்போது முடி அசைவதைக் காட்ட முடியாது, தொப்பி வந்தது. கை வீசுவது தெரிய வேண்டும், கால்சட்டையோடு சேர்ந்த மேலுடை வந்தது. மாரியோவின் தோற்றம் முழுக்க இல்லாமையிலிருந்து பிறந்தது.

1985-இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் முதல் கட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்ப்போம். மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் வெறுமை. போக வேண்டிய திசை யாரும் சொல்லாமலே தெரிகிறது. பழுப்பு நிறத்தில் ஒன்று முறைத்தபடி வருகிறது. மோதினால் சாவு, ஆனால் இழப்பது இரண்டு விநாடிதான். மறுமுறை தாண்டுவோம், அல்லது அதன் தலைமேல் விழுந்து நசுக்கக் கற்போம். கேள்விக்குறிக் கட்டையை முட்டினால் காளான் வெளிவந்து வலப்பக்கம் ஓடி, குழாயில் மோதி நம்மை நோக்கித் திரும்புகிறது. பகை என்று பயந்து தாண்டப் பார்த்தால் மேலே உள்ள கட்டை தலையில் இடிக்கிறது, காளான் வந்து ஒட்டிக்கொள்கிறது. மாரியோ வளர்கிறான், நல்லது என்று புரிகிறது. பின்னால் இரண்டு படிக்கட்டுகளுக்கு நடுவே தரை இருக்கும் ஓர் இடம். தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அதைத் தாண்டியதும் அதே அமைப்பு, இம்முறை நடுவில் பள்ளம். மியாமோட்டோவும் தகாஷி டெசுகாவும் கணக்குப் பார்த்து அடுக்கிய பாடம் இது. மொத்த விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. மேகத்தின் உருவத்தையே பச்சையாக்கிப் புதராக நட்டார்கள்.

இந்தப் பாணியின் தரக்கோல் இதுதான்: கையில் பிடித்தவருக்குக் கை வழியாகப் புரிய வேண்டும், படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். 1996-இல் வந்த ‘சூப்பர் மாரியோ 64’ செய்யும்போது, மாரியோவைச் சிறிய இடத்தில் ஓடவிட்டு ஒரு முயலைத் துரத்திப் பிடிப்பதிலேயே சுகம் வருகிறதா என்று முதலில் பார்த்தார்கள். உலகம் பிறகுதான் வந்தது. ‘செல்டா’ வரிசையில் 1998-இல் வந்த ‘ஒகாரினா ஆஃப் டைம்’ விளையாட்டில், பல எதிரிகளுக்கு நடுவே ஒருவனைக் குறிவைத்துச் சுற்றிவரும் முறை உண்டு. கியோட்டோவின் டோயெய் சினிமா நகரில் நிஞ்சா சண்டைக் காட்சியைப் பார்த்த குழுவினருக்கு உதித்த யோசனை அது. முப்பரிமாணச் சண்டை விளையாட்டுகளில் இன்று அது பொதுச்சொத்து.

கண்டிப்பும் உண்டு. சரியில்லை என்று பட்டால் பாதி முடிந்த வேலையையும் மியாமோட்டோ கவிழ்த்துவிடுவார். சாப்பாட்டு மேசையைப் புரட்டுதல் என்று உள்ளே இதற்கு ஒரு பெயரே வழங்கியது.

குறை சொல்ல வேண்டிய இடமும் இருக்கிறது. இந்தப் பாணி கதையை நெடுங்காலம் இரண்டாம் பந்தியில்தான் உட்கார வைத்தது. ‘சூப்பர் மாரியோ கேலக்ஸி’யில் வரும் ரோசலினாவின் கதைப்புத்தகத்தை, யோஷியாகி கொய்சுமி இரவு நேரங்களில் பிறருக்குத் தெரியாமல் எழுதி உள்ளே சேர்த்தார். மாரியோ விளையாட்டு ஒன்றில் மனம் கனக்கும் பக்கங்கள் அவைதான். அவருக்கு அந்த உரிமையை வெளிப்படையாகவே கொடுத்திருக்க வேண்டும்.

சடோரு இவாட்டா கம்பெனியின் தலைவரான பின் பழைய பிரிவுகள் கலைந்து புதிதாக அமைந்தன. 2015 ஜூலையில் அவர் மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், எஞ்சியிருந்த ஈ.ஏ.டி.யும் எஸ்.பி.டி. என்ற இன்னொரு தயாரிப்புப் பிரிவும் ஈ.பி.டி. என்ற ஒரே பிரிவாக இணைந்தன. பாணி கலந்து நீர்த்துவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. நடந்தது வேறு. இணைப்புக்குச் சில மாதம் முன்பே வந்திருந்த ‘ஸ்ப்ளட்டூன்’, டோஃபு துண்டு போன்ற கட்டைகள் மை தெளித்துக்கொள்ளும் சோதனையாகத் தொடங்கி, இளையவர்கள் கையில் வளர்ந்தது. 2017-இல் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷி இயக்கிய ‘ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’, காற்றும் தீயும் மரமும் ஒன்றையொன்று பாதிக்கும் விதியை, 1986-ஆம் ஆண்டுச் செல்டாவைப் போன்ற தட்டைப் படத்தில் வைத்துத்தான் முதலில் சோதித்தது. ஆசிரியரின் கையெழுத்து இல்லாமலே தரக்கோல் கைமாறியிருக்கிறது. எந்த மரபுக்கும் இதைவிடக் கடினமான தேர்வு கிடையாது, இந்த மரபு அதில் தேறிவிட்டது.

பிள்ளைகள் ஆடுவதை வாசற்படியில் நின்று பார்த்துக் கோபிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாலை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மாரியோவின் அந்த முதல் கட்டத்தை நீங்களே ஆடிப் பாருங்கள். யாரும் எதையும் விளக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.