அடுத்த வீடு

பால்ய காலத்துத் தெருவைப் பற்றி எழுதுவது சுலபம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிணற்றடி, மார்கழிக் கோலம், சாயங்காலப் பந்தாட்டம், அடுத்த வீட்டு மாமி கொடுத்த அதிரசம் என்று நாலைந்து விஷயங்களை வரிசையாக வைத்தால் போதும். வாசகர் தம் தெருவை நினைத்துப் பெருமூச்சு விடுவார். நானும் அப்படி எழுதியவன்தான். திருவல்லிக்கேணியில் எட்டுக் குடித்தனங்கள் இருந்த ஒரு ஸ்டோரில் வளர்ந்தவன் நான். அதைப் பற்றி நான் எழுதிய கதை பலருக்குப் பிடித்திருந்தது.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலைச் சமீபத்தில் மறுபடி படித்தபோது அந்தக் கதையை நினைத்து வெட்கமாக இருந்தது. 1977ல் வெளிவந்த நாவல் அது. செகந்திராபாத்தில் லான்சர் பாரக்ஸ் என்ற இடம். ரயில்வேக்காரர்கள் குடும்பங்கள் நெருங்கி வாழும் குடியிருப்பு. ஆசிரியர் 1931ல் அந்த ஊரில் பிறந்து, வாலிப வயது வரை அங்கேயே இருந்தவர். அவருடைய சந்திரசேகரன் காலேஜ் பையன். கிரிக்கெட்டும் சைக்கிளுமாகத் திரிகிறான். இந்துக்களும் முஸ்லிம்களும் ஆங்கிலோ இந்தியர்களும் அவனுக்கு அக்கம்பக்கத்தார்.

1947ல் இந்தியா சுதந்திரம் பெறுகிறது. நிஜாமின் ராஜ்யம் சேர மறுக்கிறது. ரஜாக்கர்கள் தலையெடுக்கிறார்கள். 1948 செப்டம்பரில் இந்தியப் படை உள்ளே வருகிறது. அதுவரை ஒரு சாரார் வீட்டில் இருந்த பயம், மறுநாளே மறு சாரார் வீட்டுக்குக் குடிபோகிறது. ‘சகோதரர்களாக வாழ்ந்தோம்’ என்று ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை. ‘ஜன்ம விரோதிகள்’ என்றும் சொல்லவில்லை. சுவர் பக்கத்தில் இருப்பதால் மட்டும் மனிதர்கள் நெருங்கிவிடுவதில்லை என்பதைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறார். கதை ‘நான்’ என்றும் ‘அவன்’ என்றும் மாறி மாறி நடப்பதற்கு நியாயம் இருக்கிறது. அநுபவித்தவன் ஒருவன்; அவனை நிறுத்திக் கேள்வி கேட்பவன் இன்னொருவன்.

கடைசியில் சந்திரசேகரன் முன்பின் தெரியாத ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண் அவன் முன்னால் தன் ஆடையைக் களைகிறாள். அவன் ஓடுகிறான். அவன் யாருக்கும் தீங்கு செய்ய வந்தவனல்ல. ஆனால் அவளுக்கு அது எப்படித் தெரியும்? தன்னையே பிறருக்குப் பயங்கரமாகக் காணும் இந்த இடம் தமிழ் நாவலில் அபூர்வமானது.

பாரக்ஸின் பெண்கள் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்பது என் ஒரே குறை. இதை எழுதும்போது என் தாயார் நினைவுக்கு வருகிறாள்.

எங்கள் ஸ்டோரில் வாடகை பாக்கிக்காக ஒரு விதவையின் பாத்திரங்களை முற்றத்தில் தூக்கிப் போட்டார்கள். என்னோடு பல்லாங்குழி ஆடும் அவள் பெண் எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் கதையில் கிணறு இருக்கிறது, கோலம் இருக்கிறது, அதிரசமும் இருக்கிறது. அந்த ஜன்னல் இல்லை.