காசு தெரியாத ஊர்

வீடியோ கேமையெல்லாம் பிரதியாக வாசிப்பதா என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். வாசிக்கத்தான் வேண்டும். ஷிகெசாட்டோ இடோய் எழுதிய 'மதர் 3' கேம்பாய் அட்வான்ஸ் கருவிக்காக 2006இல் ஜப்பானில் மட்டும் வெளியானது. நான் ஆடியது, ரசிகர்கள் 2008இல் கூலி வாங்காமல் செய்துமுடித்த ஆங்கில வடிவத்தை.

தாஸ்மிலி என்ற ஊருக்குக் காசு என்றாலே தெரியாது. பன்றி முகமூடிப் படை வருகிறது. பின்னாலேயே காசும், வீட்டுக்கு வீடு 'மகிழ்ச்சிப் பெட்டி'யும். மூன்றே வருஷத்தில் ஊர் கூலிக்குப் போகிறது. இத்தோடு நின்றிருந்தால் இது வெறும் கிராமத்து ஏக்கம். கடைசியில் லெடர் என்பவன் உண்மையைப் போட்டு உடைக்கிறான்: உலகம் அழிந்தபோது தப்பி வந்தவர்கள் பழைய நினைவுகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஆளுக்கொரு வேஷம் எழுதிக்கொண்டதுதான் இந்த ஊர். ஆக, சந்தைக்கு முந்தைய கள்ளமின்மையும் ஒரு புனைவு. தன் ஆதிக் கிராமத்தைப் பிரதி தானே கட்டுடைத்துவிடுகிறது.

அதனால் ரசிகர்களின் உழைப்பையும் நான் புனிதமாக்கப் போவதில்லை. 2013இல் அவர்களில் ஒருவர், மொழிபெயர்ப்பை இலவசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நிண்டெண்டோவிடம் சொல்லிப் பார்த்தார். 2024இல் அது மறுபடி வந்தது, ஜப்பானில் மட்டும், ஜப்பானிய மொழியில். காசு வாங்காத கைகளால் பிரதியைக் கடல் தாண்டிக் கொண்டுவர முடிந்தது. உரிமை என்னவோ அங்கேயேதான் இருக்கிறது.