ஒற்றை நாற்காலி அறை

கோத்தா திங்கித் தாமான் வீடுகளில் ஒரு வழக்கம் பரவி வருகிறது. மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான் என்றால், அப்பாவின் போனஸ் பணத்தில் அவன் அறை உருமாறிவிடும். ஒரு பக்கச் சுவருக்குக் கருஞ்சாம்பல் சாயம். இல்லாவிட்டால், 2014 முதல் லீக் கிண்ணத்தை யாருக்கும் விட்டுத்தராத ஜோகூர் கால்பந்து அணி ஜேடிதியின் சிவப்பும் நீலமும். கூரையோரம் எல்இடி பட்டை. அகலத் திரை, அதன் எதிரே பந்தயக் கார் இருக்கை மாதிரி ஒரு கேமிங் நாற்காலி. குறை சொன்னால் பெற்றோர் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார்கள்: "வெளியே போய் கேங்குல சேர்ந்து கெட்டுப் போறதுக்கு, கண்ணு முன்னால வீட்டுலயே இருக்கட்டுமே சார்."

அந்தப் பதிலோடுதான் எனக்கு வழக்கு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். லயத்து வீட்டுக் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்த தலைமுறைக்குக் கதவு வைத்த தனி அறை சும்மா கிடைத்துவிடவில்லை. அதை மகனுக்குக் கொடுக்கிற அப்பாவின் பெருமையில் பிழை எதுவும் இல்லை. 2017 நவம்பரில் தெப்ராவில் ஐகியா திறந்ததிலிருந்து, உலு திராம் வழியாகப் போய் மேசையைப் பெட்டியாகக் காரில் ஏற்றி வந்துவிடலாம். அப்பாவும் மகனும் தரையில் உட்கார்ந்து அதைப் பூட்டுகிற ஞாயிற்றுக்கிழமை நல்ல ஞாயிற்றுக்கிழமைதான். 2006 டிசம்பரிலும் மறு மாதமே இன்னொரு முறையும் வெள்ளத்தில் மூழ்கிய ஊரில், ஈரம் பட்டால் அப்பளமாக உப்பும் தூள்பலகையில் அலமாரி அடுக்குவது புத்திசாலித்தனமா என்று கேட்கலாம். இப்போது கேட்கவில்லை.

என் குறை நாற்காலியைப் பற்றியது. அந்த அறையில் அது ஒன்றுதான் இருக்கிறது.

இப்படி ஓர் அறைக்குள் கூட்டாளி ஒருவன் வந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். கட்டில் விளிம்பில் உட்காருவான். அவன் பார்வைக்குக் கிடைப்பது நண்பனின் முகம் இல்லை. நாற்காலியின் உயர்ந்த முதுகும், அதற்கு மேலே தெரியும் ஹெட்போன் வளையமும்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தச் செயற்கைத் தோல் செதில் செதிலாக உரிந்து சட்டையில் ஒட்டும். திரையில் வெயில் விழக்கூடாதென்று நாக்கோ சன்னலுக்குக் குறுக்கே அலமாரியை நகர்த்தியிருப்பார்கள். வந்தவன் கொஞ்ச நேரம் தன் கைப்பேசியைத் தடவுவான், பிறகு "போயிட்டு வரேன்டா" என்பான். அடுத்த வாரம் அவனும் தன் வீட்டு நாற்காலியிலிருந்தே பேசுவான். இருவர் இருக்க முடியாத இடத்தில் இருவர் எப்படிப் பழகுவார்கள்?

அந்த அறையில் ஒவ்வொரு பொருளும் ஒரு திசையைத்தான் பார்க்கிறது. விளக்கு திரைக்காக, மேசை திரைக்காக, மூடிய சன்னலும் திரைக்காக. படிக்கத்தான் மேசை என்பார்கள். விசைப்பலகையும் சுட்டியும் போக மிஞ்சும் இடத்தில் படிவம் நான்கின் வரலாற்றுப் புத்தகத்தை விரித்துக் காட்டட்டும்.

1976இல் பிரிட்டனில் ஏஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். இளைஞர் பண்பாட்டை ஆராய்கிறவர்கள் தெருவில் நிற்கும் பையன்களையே பார்க்கிறார்கள், தெரு மறுக்கப்பட்ட பெண்பிள்ளைகள் தங்கள் பண்பாட்டைப் படுக்கையறையில் வளர்ப்பது கண்ணில் படவில்லை என்பது அவர்கள் வாதம். அந்தப் பெண்களின் அறைக்குத் தோழிகள் வந்தார்கள். இசைத்தட்டு போட்டுக் கேட்டார்கள், ஊர்க்கதை பேசினார்கள். பயத்தைக் காரணம் காட்டிப் பெண்பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்த நாம், இப்போது அதே காரணத்துக்காகப் பையன்களையும் உள்ளே தள்ளியிருக்கிறோம், தோழமையை வாசலிலேயே நிறுத்திவிட்டு.

கேங் பயம் பொய்யென்று சொல்லவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அக்கம்பக்கம் கலைந்து, அறிமுகமில்லாத தாமான்களில் குடியேறிய குடும்பங்கள் அதைப் பட்டறிந்தவை. ஆனால் எல்இடி பட்டை அதற்கு மருந்தா? "கண்ணு முன்னால" என்கிறார்கள். அறைக்கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. ஹெட்போனுக்குள் இரவு இரண்டு மணிக்கு யார் பேசுகிறார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. திடலில் பந்தடிக்கப் போனவனையாவது நாலு பேர் பார்த்திருப்பார்கள். லொம்போங் அருவிக்குப் போனவனோடு யார் யார் போனார்கள் என்று விசாரிக்கவாவது முடியும். காசு கொடுத்து வாங்கியது மகனின் பாதுகாப்பை இல்லை, பெற்றோரின் நிம்மதியை. கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

மாற்றாக நான் கேட்பது ஒரு நீள பெஞ்சு, அவ்வளவுதான். அதற்கு ஜோகூரிலேயே மூவார் இருக்கிறது, நாட்டின் மரச்சாமான் தலைநகர். தாத்தா பால் வெட்டிய ரப்பர் மரம், இருபத்தைந்து ஆண்டு கழித்துப் பால் வற்றியதும் ஒரு காலத்தில் விறகாகத்தான் போனது. பூச்சியும் பூஞ்சையும் அரிக்காமல் போரான் உப்பில் பதப்படுத்தக் கற்ற பிறகு மேசையும் கட்டிலும் ஆனது. அந்த மரத்தில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சு ஒன்றைச் சன்னலோரம் போடுங்கள். அலமாரியை எதிர்ச்சுவருக்குத் தள்ளுங்கள். திரை இருந்துவிட்டுப் போகட்டும்.

பையன்கள் வந்தால் சத்தம், கேட்டால் சாப்பாடு, அம்மாவுக்கு வேலை என்பார்கள். இருக்கட்டும். வந்தவன் யார் மகன், எந்தத் தாமான், அப்பாவுக்கு என்ன வேலை என்பதையெல்லாம் ஒரு தட்டு மேகி கோரெங் வைக்கிற நேரத்தில் அம்மா கேட்டு முடித்துவிடுவார்.