தருமம் என்னும் சொல்

தொழிலாளருக்கு முதுமையில் வீடளித்த வரலாறுகளில் ஒரு மரபு உண்டு. நிலம் ஈந்த பிரபுவின் பெயர் முதலில் வரும். ஆசி கூறிய பேராயரின் பெயர் அடுத்து வரும். உழைத்தவன் பெயர் வருவதேயில்லை. இங்கிலாந்தின் டேர்ஹம் நிலக்கரி வட்டாரத்து வரலாற்றைக் கொண்டு இம்மரபை நாம் சோதித்துப் பார்ப்போம்.

அங்கே சுரங்கத் தொழிலாளி குடியிருந்த வீடு கம்பனிக்குச் சொந்தம். கூலியின் ஒரு பகுதியாகவே அது கொடுக்கப்பட்டது. எனவே வேலை முடிந்ததும் வீடும் போயிற்று. வாழ்நாளை நிலத்தடியில் கழித்தவன் முதுமையில் வீதிக்கு வந்தான். அவனுக்கு எஞ்சியது ஏழைகள் விடுதி. முதிய தம்பதிகள் அங்கே பிரிக்கப்படுவதும் உண்டு. இக்கொடுமை கண்டு கொதித்த சுரங்கத் தொழிலாளி ஜோசப் ஹொப்பரின் முயற்சியால், 1898இல் முதிய சுரங்கத் தொழிலாளர் இல்லச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டே ஹஸ்வெல் மூரில், சுரங்கம் ஓய்ந்தபின் கைவிடப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளைச் சங்கம் விலைக்கு வாங்கியது.

பேராயர் வெஸ்ட்கொட் துணை நின்றதையும், முதலாளிகள் சிலர் நிலம் தந்ததையும் நாம் மறுக்கவில்லை. ஆனால், சங்கத்தைத் தாங்கி நின்றது தொழிலாளர் தம் கூலியிலிருந்து செலுத்திய பணமே. அரசின் முதியோர் ஓய்வூதியம் 1909இல்தான் வந்தது. அதுவும் 70 வயதானோர்க்கே. அரசுக்குப் பத்தாண்டு முன்பே தொழிலாளி தன் மூத்தோனுக்குக் கூரை தந்துவிட்டான். இதைத் தருமம் என்பது தகுமா? அது தொழிலாளரின் ஒற்றுமை ஈட்டிய பயன். எனினும் வீடுகள் சில, முதியோர் பலர். ஒற்றுமை மட்டும் எல்லோர்க்கும் வீடு தந்துவிடவில்லை.

தமிழர் பெருந்தொகையாய் உழைத்த கோலார் தங்கவயலிலும் வீடுகள் கம்பனியுடையவையே. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், தலைமுறையாய் வாழ்ந்த வீட்டுக்கே உரிமை கேட்டுத் தொழிலாளர் போராட நேர்ந்தது.

வத்தளையிலிருந்து எழுதும் நமக்கு டேர்ஹமும் கோலாரும் தொலைவு, மலையகம் தொலைவன்று. 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தால் ஓய்வு பெறுவோர் கையில் ஒரு தொகை சேர்கிறது. லயன் காம்பராவோ இன்னும் பெரும்பாலும் தோட்டத்தின் உடைமை. தோட்டத்தில் பேர் பதிந்த பிள்ளையை அண்டியே முதியவர் அங்கு வாழ்கிறார். காணி உறுதி பெற்றோர் சிலரே.

ஆகவே, வள்ளல்களைப் போற்றும் வரலாறு எதனைப் படித்தாலும், ஆசிரியரும் மாணவரும் ஒன்றைக் கேட்க வேண்டும்: அந்த வீட்டின் உறுதி எவர் பெயரில் இருக்கிறது?