தட்டையான வரைபடம், சரிந்த ஊர்

கொடைக்கானலிலிருந்து அட்டுவம்பட்டியைத் தாண்டி வில்பட்டிக்கு இறங்குகிறவர்களுக்கு ஊருக்கு முன்னால் படிக்கட்டு நிலங்கள்தான் தெரியும். ஒரு தட்டில் பூண்டு, கீழ்த்தட்டில் கேரட், அதற்கும் கீழே உருளைக்கிழங்கோ பீன்ஸோ. ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் கல்கட்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் கற்களுக்கு நடுவே சாந்து இருக்காது. மழை பெய்தால் மேல்தட்டுத் தண்ணீர் கல்லிடுக்கு வழியே கசிந்து கீழ்த்தட்டுக்கு இறங்கும். மண் மேலேயே தங்கிவிடும். தட்டுகளின் விளிம்புகள் மலையின் வயிற்றைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஓடுவதால்தான் இது நடக்கிறது. எதிர்ச் சரிவில் நின்று பார்க்கிறவருக்கு அழகாகத் தெரிகிற அந்தக் கோடு, மண்ணையும் நீரையும் பிடித்து வைத்திருக்கிற கோடும்கூட.

அந்தக் கோடு இப்போது இடையிடையே அறுபடுகிறது. நாலைந்து தட்டுகளை ஒன்றாக வெட்டிச் சமன்படுத்தி ஒரு காட்டேஜ். சற்றுத் தள்ளி ஒரு ரிசார்ட்டின் கண்ணாடி முகப்பு. நடுநடுவே நீலத் தகரக் கூரை. இப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே நில உபயோகத் திட்டம் என்ற ஏற்பாடு இருக்கிறது. அது இந்தச் சரிவில் எதைக் காத்தது, எதைக் கைவிட்டது என்று பார்ப்பதற்கு வில்பட்டியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

ஏற்பாட்டின் அடிப்படை எளிமையானது. ஊரின் வரைபடத்தை எடுத்து, மஞ்சள் என்றால் குடியிருப்பு, நீலம் என்றால் வணிகம், பச்சை என்றால் வேளாண்மை என்று மண்டலம் மண்டலமாக வண்ணம் தீட்டுவார்கள். எந்த வண்ணத்தில் எதைக் கட்டலாம், எத்தனை தளம், பக்கத்து மனைக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று விதி எழுதுவார்கள். நியூயார்க் நகரம் 1916இல் இப்படி ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. அடுக்குமாடிகள் தெருவின் வெயிலையும் காற்றையும் விழுங்கியதுதான் காரணம். சென்னை மாகாணத்தில் 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. இன்று தமிழ்நாட்டில் நடப்பில் இருப்பது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். கொடைக்கானலின் முழுமைத் திட்டம் 1993இல் அதன்கீழ்தான் ஒப்புதல் பெற்றது.

அந்தத் திட்டமும், மலை நகரங்களுக்கென அதே காலத்தில் வந்த கட்டட விதிகளும் வெறும் காகிதம் என்று சொல்வோர் உண்டு. அது நியாயமில்லை. கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் இரண்டு தளத்துக்கு அனுமதி பெற்று ஏழு தளம் எழுப்பியது. அதற்கு விலக்கு அளித்து 1994இல் அரசாணை வந்தது. பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் என்ற தன்னார்வ அமைப்பு நீதிமன்றம் போனது. அரசாணை ரத்தானது, கூடுதல் தளங்களை இடிக்க வேண்டும் என்பதை 1995இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ‘இரண்டு தளம்’ என்று எழுதி வைத்த ஒரு வரி இருந்ததால்தான் வழக்கே நிற்க முடிந்தது. மலை கெடுகிறது, காட்சி கெடுகிறது என்று வெறும் ஆதங்கத்தோடு போயிருந்தால் நீதிமன்றம் என்ன செய்திருக்க முடியும்? வலுத்தவனுக்கு எதிராக எளியவன் காட்டக்கூடிய ஓர் எண்ணைத் தருவதுதான் மண்டல விதியின் பெரிய பலம்.

அந்த அரசாணை அரசியலிலும் ஆழமான காயத்தை விட்டுச் சென்றது. 2000 பிப்ரவரி 2ஆம் தேதி, அந்த விலக்கை அளித்தது தொடர்பான குற்ற வழக்கில் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அன்று நடந்த கலவரத்தில் தருமபுரியில் பேருந்து எரிக்கப்பட்டு வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் கருகி இறந்தார்கள். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. ஒரு மலை ஊரின் தளக்கணக்கில் தொடங்கிய விவகாரம் மலைக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. அந்த வேதனை இன்னும் ஆறவில்லை.

விதி வலுவானது என்றால் வில்பட்டியில் ஏன் வேலை செய்யவில்லை? முதல் காரணம் எல்லை. முழுமைத் திட்டம் பேசியது சுமார் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கொடைக்கானல் நகரியத்தைப் பற்றி. வில்பட்டி தனி ஊராட்சி. ஏரியைச் சுற்றி இடம் நெருக்கடியாகி, தளக்கட்டுப்பாடும் வந்தபோது, கட்ட நினைத்த பணம் அடுத்த சரிவைத் தேடியது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்கும் தண்ணீர்ப் பைபோல, நகரத்தில் இறுக்கிய விதி ஊராட்சியில் மனைவிலையாக எழுந்தது. மலைக்குப் புதிதாய் வருகிறவர் கேட்பதெல்லாம் ‘வியூ’ உள்ள இடம். வியூ உள்ள இடம் என்றால் சரிவு. சரிவு என்றால் பூண்டு விளைந்த படிக்கட்டு நிலம்.

வில்பட்டிக்குக் காவலே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1990இல் அமைந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் அந்த ஊர் உண்டு. ‘ஹாகா’ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அந்தப் பட்டியலில் உள்ள ஊரில் பெரிய கட்டடத்துக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் மட்டும் போதாது. வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத் துறை எல்லாம் இடத்தைப் பார்த்துத் தடையின்மைச் சான்று தர வேண்டும். மலைக்கு இது நல்ல ஏற்பாடு. மண்ணைப் பார்க்கிறவரும் பாறையைப் பார்க்கிறவரும் ஒரே கோப்பில் கையெழுத்திடுவது சமவெளி ஊர்களுக்கு வாய்க்காத ஒன்று.

குறை என்னவென்றால், அந்தக் கண்கள் ஒரு நேரத்தில் ஒரு மனையைத்தான் பார்க்கின்றன. ஒரு சரிவில் ஒருவர் ஐந்து சென்ட்டை வெட்டினால் மலை தாங்கும். அதே சரிவில் நாற்பது பேர் வெட்டினால்? நாற்பது கோப்புகளும் தனித்தனியே சரியாக இருக்கலாம். சரிவு மொத்தத்தையும் பற்றிய கோப்பு ஒன்றுகூட இருக்காது. இமயமலையில் ஜோஷிமட் நகரம் நிலைகொள்ளாத மண்ணில் இருக்கிறது என்று மிஸ்ரா குழு 1976லேயே எச்சரித்தது. 2023 ஜனவரியில் அங்கே வீட்டுச் சுவர்கள் வரிசையாக வெடித்தன. அந்த ஊரைக் கவிழ்த்ததாக எந்த ஒரு கட்டடத்தையும் தனியே சுட்டிக்காட்ட முடியாது.

இதைவிட அடிப்படையான பிசகு வரைபடத்தின் தட்டையில் இருக்கிறது. பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 30 பாகை சரிந்த நிலத்தில் 10 மீட்டர் அகலமுள்ள வீடு கட்ட வேண்டும். வீட்டின் பின் ஓரத்துக்கும் முன் ஓரத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 5.8 மீட்டர். வரைபடத்தில் அது ஒரு சாதாரணச் செவ்வகம். மலையில் அது இரண்டு மாடி ஆழமுள்ள வெட்டு. பெரும்பாலும் பின்பக்கத்தை ஜேசிபி வைத்துக் குடைந்து, அந்த மண்ணையே முன்பக்கம் கொட்டி மேடாக்குவார்கள். வீட்டில் பாதி வெட்டிய பாறை மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். இரண்டாம் மழைக்காலத்தில் விரிசல் சரியாக அந்த இரண்டும் சேரும் இடத்தில் விழும். இந்த மலையில் ஜேசிபிக்கு மாவட்ட நிர்வாகம் தடை போட்டிருக்கிறது. ஆனால் தடை என்பது இயந்திரத்துக்கு. வெட்டின் ஆழத்துக்கு அல்ல.

உயரக் கணக்கிலும் அதே சிக்கல். 7 மீட்டர்தான் உயரம் என்று நீலகிரியில் நெடுங்காலமாக ஒரு வரம்பு உண்டு. அதே வரம்பை மேலே சொன்ன வீட்டுக்குப் பொருத்தினால், சாலைப் பக்கம் நின்று அளக்கிறவருக்கு 7 மீட்டர்; கீழே பள்ளத்திலிருந்து பார்க்கிறவருக்குத் தூண்களும் தாங்குசுவரும் சேர்ந்து ஏறத்தாழ 13 மீட்டர். மலையில் ஒரு கட்டடத்தை அதிகம் பேர் பார்ப்பது கீழிருந்தும் எதிர்ச் சரிவிலிருந்தும்தான். மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கோ முகப்பு தெரியாது, கூரைதான் தெரியும். சமவெளியில் பிறந்த விதிகள் தெருப் பக்கத்து முகப்பையும் பக்கவாட்டு இடைவெளியையும் பற்றி வரி வரியாகப் பேசுகின்றன. கூரையின் நிறம், தாங்குசுவரின் உயரம், மலைமுகட்டின் கோடு ஆகியவற்றுக்கு அவற்றில் இடம் போதவில்லை.

காட்சி வடிவமைப்பு என்றதும் நம் ஊர்களில் நினைவுக்கு வருவது அலங்கார வளைவு, செல்ஃபி எடுக்கப் பெரிய எழுத்தில் ஊர்ப்பெயர், வண்ண விளக்கு. நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச் 1960இல் வெளியிட்ட ‘நகரத்தின் பிம்பம்’ என்ற நூலில் சொன்னது வேறு. மக்கள் தங்கள் ஊரைப் பாதை, விளிம்பு, வட்டாரம், கூடுமிடம், அடையாளச் சின்னம் என்ற ஐந்தால் மனத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள் என்றார் அவர். வில்பட்டிக்காரருக்கு விளிம்பு என்பது கல்கட்டு. பாதை என்பது தட்டுக்குத் தட்டு ஏறும் ஒற்றையடி. இவை அழிந்தால் அழகு குறைவது சிறிய நட்டம். எந்த வழியாக மழைநீர் இறங்கியது என்ற நினைவே ஊரிலிருந்து போய்விடுவது பெரிய நட்டம். சரிவில் காட்சியைக் காப்பதும் வடிகாலைக் காப்பதும் ஒரே வேலை. திட்டமிடுகிறவர்கள் இந்த இரண்டையும் இரண்டு துறைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒற்றை உபயோகம் என்ற எண்ணமும் மலை வீட்டுக்கு ஒத்துவராது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை எடுத்துக்கொள்ளலாம். பறித்த பூண்டைத் தாளோடு கட்டி வீட்டுக்குள் தொங்கவிட்டு, அடுப்புப் புகை படவிட்டு, விலை வரும்வரை வைத்திருப்பது இங்கே வழக்கம். அந்த வீடு குடியிருப்பா, கிடங்கா, விவசாயக் கொட்டகையா? மூன்றும்தான். மஞ்சள், நீலம், பச்சை என்று பிரிக்கும் வரைபடத்தில் அதற்கு நிறம் இல்லை. இதனால் நடைமுறையில் ஒரு பெரிய அநீதி நடக்கிறது. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ஓர் அறை கூட்டிக் கட்டும் விவசாயியும், முப்பது அறை ரிசார்ட் கட்டும் வெளியூர்க்காரரும் ஒரே ‘அனுமதியற்ற கட்டடம்’ என்ற சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். இரண்டாமவரிடம் வக்கீல் இருப்பார்.

கொடைக்கானல் நகரத்தின் கதையும் இந்த ‘அனுமதியற்ற கட்டடம்’ என்ற சொல்லில்தான் முடிந்தது. 1993 திட்டம் கால் நூற்றாண்டுக்கு மேல் புதுப்பிக்கப்படாமலே கிடந்தது. 2011 கணக்கெடுப்பில் 36,501 பேர் இருந்த ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் விதிமீறியவை என்று கணக்கு வந்து, நீதிமன்ற உத்தரவின்பேரில் 2019இல் வணிகக் கட்டடங்களுக்குச் சீல் வைத்தார்கள். இத்தனை பேர் மீறினார்கள் என்றால் பேராசை மட்டும் காரணமாக இருக்க முடியாது. வளர்ந்த ஊருக்கு வளராத சட்டை போட்டதும் காரணம். அதன் பிறகு கட்டுப்பாடு வேறு திசையில் திரும்பியது. 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பு. வண்டியை எண்ணுவது தேவைதான், ஆனால் அது நிலத்தை எண்ணுவதற்கு ஈடாகாது. மீறியதை அபராதம் வாங்கி வரன்முறைப்படுத்தும் வழி, மாநிலச் சட்டத்தில் 113-ஏ, 113-சி என்று திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறது. சமவெளியில் அதைக்கூட ஒருவாறு ஏற்கலாம். ஓடையின் வாயில் நிற்கும் கட்டடத்தை அபராதம் வாங்கி எப்படிச் சரியாக்குவது?

வேறு வழிகள் தெரியாமல் இல்லை. பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1914இல் தம் நகரமைப்புக் கண்காட்சியோடு சென்னைக்குப் புறப்பட்டார். கண்காட்சிப் பொருட்கள் ஏறிவந்த கப்பலை ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன். நண்பர்கள் திரட்டித் தந்த படங்களோடு 1915 ஜனவரியில் கண்காட்சியை நடத்திவிட்டு, மதுரை உள்ளிட்ட ஊர்களில் நடந்தே பார்த்து அறிக்கை எழுதினார். முதலில் ஊரை நோயாளியைப் போலப் பரிசோதி, பிறகு எவ்வளவு குறைவாக வெட்ட முடியுமோ அவ்வளவு குறைவாக வெட்டு என்பது அவர் முறை. நிலவடிவமைப்பாளர் இயன் மெக்ஹார்க் 1969இல் இன்னொரு படி போனார். சரிவு, நீரோட்டம், மண், காடு ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடித்தாள் வரைபடம் செய்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கச் சொன்னார். எல்லாத் தாளும் இருண்டு தெரியும் இடத்தில் கட்டக் கூடாது. வண்ணம் தீட்டுவதற்கு முன்பே நிலம் தன் பதிலைச் சொல்லிவிடும்.

வில்பட்டிக்கு அப்படி ஓர் அடுக்கு வரைபடம் செய்வது இன்று கடினமில்லை. செயற்கைக்கோள் படமும் சரிவு அளவையும் அரசுத் துறைகளிடமே கிடைக்கும். மேலே சேர்க்க வேண்டிய தாள் ஒன்றை மட்டும் எந்தத் துறையாலும் வரைய முடியாது: எந்தக் கல்கட்டு எந்த ஓடைக்கு நீர் விடுகிறது, எந்தத் தட்டு மழையில் ஊறி இளகும், எங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் என்பது அங்கே பூண்டு நடுகிறவர்களுக்குத்தான் தெரியும். ஆண்டுக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. அவற்றில் ஒன்றில் அந்தத் தாளை விரித்து வைத்து, வயதானவர்கள் கையில் பென்சிலைக் கொடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பு நடக்கும் அக்டோபர் 2 கூட்டமாக அது இருந்தால், அவர்கள் வரைந்த கோடு சரியா என்று அடுத்த இரண்டு மாத மழையிலேயே நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.