பாக் பழையதைப் புதிதாக்கிய விதம்

இசைமேதை எனில், உள்ளெழுச்சி மேலிட ஒரே மூச்சில் புத்தம் புதியதை எழுதி முடிப்பவர் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். யோகான் செபாஸ்தியான் பாக் 1748-49இல் நிறைவுசெய்த 'பி மைனர் மாஸ்' அவ்வெண்ணத்தைக் கலைத்துவிடுகிறது. அதன் பெரும்பகுதி அவருடைய பழைய படைப்புகளிலிருந்தே எடுக்கப்பட்டது. "அப்படியாயின் இது ஒட்டுவேலைதானே, ஐயா?" என்று மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டார்.

நியாயமான கேள்வி. விடைக்கு, விசுவாசப்பிரமாணத்தில் 'சிலுவையில் அறையப்பட்டார்' என வரும் பகுதியை நோக்குவோம். அதன் மூலம் 1714இல் வைமார் நகரில் அவர் எழுதிய ஒரு கன்டாட்டாவின் பல்குரற்பாடல். அங்கே அழுகையும் கலக்கமும் விசுவாசிகளுடையவை. அரையரைச் சுரமாய் இறங்கும் தாழ்சுரத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன்மேல் குரல்கள் புலம்புகின்றன. ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குப்பின் பாக் அதைக் கையிலெடுத்தபோது சொற்களை மட்டும் மாற்றவில்லை. எஃப் மைனரிலிருந்து ஈ மைனருக்கு இறக்கினார், நடுப்பகுதியை நீக்கினார், புல்லாங்குழல்களைச் சேர்த்தார். நீண்டொலித்த தாழ்சுரம் ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு தட்டுகளாக்கினார். அத்தொடர் இப்போது 13 முறை வருகிறது. இறுதி முறையிலோ, குழல்களும் வயலின்களும் ஓய்ந்துவிட, குரல்கள் அடித்தளத்துக்கு இறங்க, எதிர்பாரா வண்ணம் ஜி மேஜரில் அமைதி பிறக்கிறது. பழைய பாடலில் இம்முடிவு இல்லை. விசுவாசியின் துயரத்தைக் கிறிஸ்துவின் துயரமாக அவர் வாசித்திருக்கிறார். இது ஒட்டுவேலையன்று, வியாக்கியானம். பழைய பிரசங்கக் குறிப்பில் தேதியை மட்டும் மாற்றிக்கொண்டு பீடமேறும் நம் வழக்கத்துக்கு இதைச் சான்றாகக் காட்டலாகாது!

எல்லா மாற்றங்களும் இவ்வளவு பொருந்தின என்று சொல்லமாட்டேன். 1733இல் இளவரசர் ஒருவரின் பிறந்தநாளுக்கென எழுதிய இசையில், எர்க்குலிசை நல்வழியினின்று மயக்க 'இன்பம்' என்னும் பாத்திரம் பாடும் உறக்கப்பாட்டு உண்டு. அடுத்த ஆண்டே அது கிறிஸ்து பிறப்பு ஒரட்டோரியோவில் குழந்தை இயேசுவுக்குத் தாலாட்டாயிற்று. குரலும் சுருதியும் மாறின, இனிமைக்கும் குறைவில்லை. ஆயினும் மூலத்தை அறிந்த செவிக்கு அந்த மயக்கம் முற்றும் அகலவில்லை.

மாஸுக்குத் திரும்புவோம். மனுவுருவானதைக் கூறும் சொற்களை முதலில் முந்திய இருகுரற்பாடலுக்குள்ளேயே பாக் அடக்கியிருந்தார். பின்னர் அவற்றுக்கெனத் தனியே ஒரு பல்குரற்பாடலைப் புதிதாக எழுதி, தனித்தாளில் கைப்பிரதிக்குள் செருகினார். அதனால் விசுவாசப்பிரமாணம் ஒன்பது பகுதிகளாயிற்று. ஐந்தாவதாக, நட்டநடுவில், சிலுவை வந்து நின்றது.