மெல்லிழி மூடியார்: ஒரு சிமிழும் அதைக் கடைந்த கையும்

முன்னுரை

ஒரு நூலுக்கு மதிப்புரை எழுதினால் ஆசிரியர் பெயரை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறோம். கச்சேரி விமர்சனம் என்றால் பாடியவரோடு வயலின், மிருதங்கம் வாசித்தவர் பெயரும் வந்துவிடும். கடம் வாசித்தவர் பெயர் விட்டுப்போனால் மறுவாரமே ஒரு ரசிகர் கடிதம் போட்டுவிடுவார். ஆனால் நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஓர் அழகான பொருளைச் செய்தவர் யார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? கடையின் பெயர் தெரியும். விலை நிச்சயமாக நினைவிருக்கும். அதற்குமேல் தெரியாது.

இன்றைய கைவினைப் பொருள்களைப் பற்றிய திறனாய்வு இந்த இடத்தில்தான் தவறுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. இதை விளக்க, பெங்களூரில் வாழும் நமக்குப் பக்கத்து ஊரான சென்னபட்டணத்தில் கடையப்பட்ட ஒரே ஒரு குங்குமச் சிமிழை எடுத்துக்கொள்கிறேன்.

சிமிழ்

மகள் கல்யாணத்துக்குச் சீர் சாமான் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது அது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. அடிப்பாகம் வண்ணம் பூசாத வெளிர் மரம். மூடி கருநீல அரக்கு. இரண்டும் சேரும் இடத்தில் நூல் கனத்தில் ஒரு மஞ்சள் வளையம். வேறு அலங்காரம் ஏதும் இல்லை. மூடியை மேலே வைத்துவிட்டுக் கையை எடுத்தால் அது 'டொக்'கென்று விழுவதில்லை. உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, மெல்ல இறங்கிச் சத்தமில்லாமல் அமர்கிறது. "ஏங்க, இது லிஃப்ட் மாதிரி இறங்குதே!" என்றாள் என் மனைவி. கடையில் இருந்த அத்தனை சாமானையும் விட்டுவிட்டு அந்த மூடியை ஏழெட்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தோம்.

சிமிழோடு ஓர் அட்டை கட்டியிருந்தது. அதில் விற்கும் நிறுவனத்தின் பெயர் பெரிதாக. பிறகு வடிவமைப்பாளரின் பெயர், அவர் படித்த படிப்பு, இந்த வடிவம் அவருக்கு எப்படித் தோன்றியது என்று ஒரு பத்தி. கடைசி வரியில், பாரம்பரியக் கைவினைஞர்களால் செய்யப்பட்டது என்று இருந்தது. 'கைவினைஞர்கள்' என்ற பன்மைக்குள் அந்த மூடியைக் கடைந்த ஒருவர் மறைந்துபோனார்.

கடைசலின் இலக்கணம்

இப்பொருளைச் சரியாக மதிப்பிட வேண்டுமானால் அது பிறக்கும் முறையை அறிய வேண்டும். சென்னபட்டணம் பெங்களூர் - மைசூர் பழைய சாலையில் சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ளது. திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கலைஞர்கள் வந்து இத்தொழிலைக் கற்பித்தார்கள் என்பது அவ்வூர் வழக்கு. தொழிலுக்கு உகந்த மரம் கன்னடத்தில் 'ஆலெ மரம்'. பெயரைக் கேட்டு நம் ஆலமரம் என்று மயங்கக் கூடாது. தோல் நோய்க்கு எண்ணெய் காய்ச்ச நம் சித்த வைத்தியர்கள் இலை பறிக்கும் வெட்பாலையே அது. வெளிர் நிறமும் நெருங்கிய இழையும் கொண்டது, உளிக்கு இணங்கும்.

நன்றாக உலர்ந்த மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு, உளியால் உருவம் எடுக்கிறார்கள். பின்பு வண்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் பரவுகிறது. கடைசியில் காய்ந்த தாழை ஓலையை வைத்து அழுத்தினால் கண்ணாடிபோல் பளபளப்பு வந்துவிடும். தூரிகை, வார்னிஷ் எதுவும் கிடையாது. திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. ஓலைப்பெட்டியில் வந்த அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும் மரத்தைக் கடைந்து அரக்கு ஏற்றியதுதான்.

இம்முறைக்கு ஓர் இலக்கணம் உண்டு. கடைசலில் உருண்டையானவை மட்டுமே பிறக்கும்: பந்து, உருளை, கூம்பு, வளையம். வண்ணமும் சுழற்சியில் ஏறுவதால் வளையம் வளையமாகவே அமையும். குறுக்கே ஒரு கோடு வேண்டுமென்றால் தூரிகையைத்தான் எடுக்க வேண்டும். ஆகவே உருண்டையையும் வளையத்தையும் மட்டும் கொண்டு அழகு செய்யும் பொருள் இலக்கணம் அறிந்து எழுதிய செய்யுள் போன்றது. நம் சிமிழ் அத்தகையது.

வடிவமைப்பாளரின் பங்கு

வடிவமைப்பாளர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. 1990களுக்குப் பிறகு இறக்குமதிப் பொம்மைகள் சந்தையில் பெருகியபோது சென்னபட்டணத்துப் பட்டறைகள் பல நொடித்தன. அப்போது அவ்வூர்க் கைவினைஞர்களோடு உட்கார்ந்து புது வடிவங்களை உருவாக்கிய அதுல் ஜோஹ்ரி, 'வர்ணம்' கார்த்திக் வைத்தியநாதன் போன்றோரின் உழைப்பால்தான் பொம்மைக் கடைக்கு வெளியேயும், விளக்கு, கிண்ணம், அணிகலன் என்று அத்தொழிலுக்கு இடம் கிடைத்தது. 2005-06இல் புவிசார் குறியீடும் வந்தது. 2010இல் டில்லிக்கு வந்த மிஷேல் ஒபாமா சென்னபட்டணப் பொம்மைகளை வாங்கியது பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. இருந்தும் 2023இல் திறந்த விரைவுச்சாலை ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போவதால், பழைய சாலையோரக் கடைகளுக்கு வழிப்போக்கர் வரவு குறைந்துவிட்டது. இனி நகரத்துக் கடைகளையும் அங்கே போகும் புது வடிவங்களையும் நம்பித்தான் பிழைப்பு.

ஆனால் பட்டறையைக் கேட்காமல் வரைந்த வடிவமும் உண்டு. சூடான காபித் தம்ளர் வைக்க அரக்குப் பூசிய தட்டுகளை ஒரு கடையில் பார்த்தேன். அரக்கு சூட்டுக்கு இளகும். உராய்வுச் சூட்டில் ஏறிய வண்ணம் தம்ளர்ச் சூட்டில் இளகாமல் இருக்குமா? படத்தில் அழகாகத்தான் இருக்கும். வீட்டில் ஒரு மாதத்தில் வட்டத் தழும்பு விழும். இந்தக் குறையை எந்த மதிப்புரையும் சொல்லவில்லை. மதிப்புரை எழுதியவர் படத்தைத்தான் பார்த்திருப்பார்.

பட்டறையில் கேட்டது

அலுவலக நண்பர் ஒருவர் சென்னபட்டணத்துக்காரர். அவரைக் கூட்டிக்கொண்டு சிமிழும் கையுமாகப் போனேன். இரண்டு பட்டறைகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது பட்டறையில் நரைத்த தாடியோடு ஒருவர் அதை வாங்கினார். மூடியைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்து, அடிப்பாகத்தைக் கட்டை விரலால் தடவினார். "இது நம்ம வேலைதான்" என்றார். பேச்சு கன்னடத்தில் நடந்தது. நினைவில் உள்ளபடி தமிழில் தருகிறேன்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க பாய்?"

"அடியில லேசாக் குழிச்சு விட்டிருக்கேன் பாருங்க. தட்டையா விட்டா மழைக்காலத்துல மரம் உப்பி, வெச்ச இடத்துல ஆடும். குழிச்சு விட்டா ஓரம் மட்டும் தரையில உட்காரும். ஆடாது."

மூடியைப் பற்றிக் கேட்டேன்.

"டிராயிங்ல அளவு போட்டுத்தான் குடுத்தாங்க. அந்த அளவுக்கே கடைஞ்சா வெயில் நாள்ல சரியா இருக்கும். மழை வந்தா திறக்காது. இழுத்து உடைச்சிடுவாங்க. ரொம்ப லூசா விட்டா கழண்டு விழும். நான் ஒரு மயிரிழை மாத்தினேன். காத்து மட்டும் போகட்டும்னு."

"அவங்களைக் கேட்டுட்டா மாத்துனீங்க?"

"கேட்டா சாம்பிள் திரும்பி வரும் சார். செஞ்சே குடுத்துட்டேன். நல்லாருக்குன்னுட்டாங்க."

ஆக, கடையில் நாங்கள் ஏழெட்டு முறை ரசித்த அந்த மெல்ல இறங்கும் மூடி வரைபடத்தில் இல்லை. அட்டையில் பெயர் உள்ளவர் வண்ணத்தையும் வடிவத்தையும் தந்தார். அந்தப் பெருமை அவருக்கு உரியது. ஆனால் சிமிழின் உயிர் அட்டையில் பெயரில்லாதவர் தந்தது. திறனாய்வாளர் அட்டையை மட்டும் படித்தால் இது எப்படித் தெரியும்?

"உங்க பேரைப் போட்டு எங்க சங்க மலர்ல எழுதலாமா பாய்?" என்றேன். உளியைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "வேண்டாம் சார். ஆர்டர் குடுக்கறவர் பார்த்தா, நான் நேரா கஸ்டமர் பிடிக்கறேன்னு நெனைப்பார். அடுத்த ஆர்டர் வேற பட்டறைக்குப் போயிடும்."

பெயரின்மை அழகா?

ஜப்பானிய அறிஞர் சோஎட்சு யனாகி 1925 வாக்கில் 'மிங்கெய்' என்ற மக்கள் கைவினைக் கோட்பாட்டை வகுத்தவர். பெயர் தேடாத கைவினைஞன் தன்முனைப்பின்றிச் செய்வதால்தான் பொருளில் அழகு கூடுகிறது என்பது அவர் கருத்தின் சாரம். நம் நாட்டுக்கு வந்த சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் லோட்டா என்னும் சாதாரணச் செம்பை வியந்தார்கள். அதை ஒரு தனி மனிதர் வடிவமைக்கவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பலர் செம்மைப்படுத்தினார்கள் என்றார்கள். அவ்வறிக்கையின் விளைவாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது.

இரண்டும் ஆழ்ந்த கருத்துகள். ஆனால் அந்தப் பட்டறையில் நின்று யோசித்தால் இரண்டும் போதவில்லை. செம்புக்கு ஆசிரியர் பலர் என்பது சரி. ஆனால் வடிவமைப்பாளர் பெயரை அச்சடித்தபின் கடைசல்காரருக்கு மட்டும் பெயரின்மையை ஓர் உயர்ந்த பண்பாகச் சூட்டுவது என்ன நியாயம்? நான் சந்தித்தவர் பெயரைத் துறந்த ஞானியல்லர். தன் வேலை எது என்று அடிப்பாகத்தைத் தடவியே சொல்லக்கூடியவர். அவர் பெயரை மறைக்கக் காரணம் அடுத்த மாதக் கூலி. யனாகியின் தோழரான ஹமாதா ஷோஜிக்கே 1955இல் 'வாழும் தேசியச் செல்வம்' என்ற சிறப்பு பெயர் சொல்லித்தான் வந்தது என்பதும் நோக்கத்தக்கது.

தமிழ் மரபு காட்டும் வழி

இவ்விடத்தில் நம் மரபு வேறொரு வழி காட்டுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அரசன் பெயர் மட்டும் இல்லை. குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள், வீட்டு வரிசை உட்பட இருக்கின்றன.

அதைவிட நுட்பமானது சங்கத் தொகை நூல்களில் உள்ளது. பாடியவர் இயற்பெயர் தெரியாதபோது அவர் பாட்டின் சிறந்த தொடரையே அவருக்குப் பெயராக வைத்தார்கள் என்பது அறிஞர் கருத்து. செம்புலப்பெயனீரார், கல்பொரு சிறுநுரையார், ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எல்லாரும் அப்படிப் பெயர் பெற்றவர்களே. பெயர் தெரியாது என்பதற்காகத் 'தமிழ்ப் புலவர்களால் பாடப்பட்டது' என்று பன்மையில் எழுதி முடித்துவிடவில்லை. பாட்டை ஊன்றிப் படித்து, அதில் ஒருவருக்கே உரிய இடம் எது என்று கண்டு, அதையே பெயராக்கினார்கள். திறனாய்வு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சென்னபட்டணத்தாருக்கும் அப்படி ஒரு பெயர் வைக்கத் துணிந்தேன்: மெல்லிழி மூடியார். மெல்ல இறங்கும் மூடியைச் செய்தவர். இப்பெயரால் அவர் ஆர்டருக்குப் பங்கம் வராது. அவர் செய்த வேலையும் மறக்கப்படாது.

நிறைவுரை

ஆனால் இது தற்காலிக ஏற்பாடுதான். செம்புலப்பெயனீராரின் இயற்பெயரை இனி நாம் அறிய வழியில்லை. மெல்லிழி மூடியார் பட்டறை இருப்பதோ இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில். புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது; ஆளின் பெயரைப் பொருள்மேல் எழுதச் சொல்லவில்லை. மத்திய அரசு கைவினைஞர்களுக்கு அடையாள அட்டை வழங்குகிறது. பெயர் பதிவேட்டில் இருக்கிறது, சிமிழில் இல்லை. இது முடியாத காரியமும் அன்று. நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையைப் பட்டுச் சேலையோடு இணைத்துக் கோ-ஆப்டெக்ஸ் 2010களில் வழிகாட்டியிருக்கிறது.

திறனாய்வு எழுதுவோர் செய்ய வேண்டியவை மூன்று. ஒரு பொருளின் வடிவம் அதன் கருவியிலிருந்து பிறந்ததா என்று பார்க்க வேண்டும். அதைப் படத்தில் பார்த்துவிட்டு எழுதாமல் கையில் எடுத்து, கவிழ்த்து, கொஞ்ச நாள் புழங்கிப் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, எந்த முடிவு யாருடையது என்று விசாரித்து எழுத வேண்டும். வாங்குவோராகிய நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடையில் விலை கேட்கும்போது "இதைச் செஞ்சவர் யாரும்மா?" என்றும் கேட்போம். முதல் நாள் விழிப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் விசாரித்து வைப்பார்கள். நூறு பேர் கேட்டால் அட்டையில் அச்சடிப்பார்கள்.

அப்படி அச்சாகும் நாளில், பெயரைச் சொல்வதால் அந்தப் பெரியவருக்கு ஆர்டர் கூடும், குறையாது. அன்று இதே மலரில் அவருடைய சொந்தப் பெயரைப் போட்டு இக்கட்டுரையைத் திருத்தி எழுத விரும்புகிறேன்.